பத்துக்குப் பத்து ஹாலுக்கு எந்த டிவி?

மதுரையில் ஆரப்பாளையம், மேலப்பொன்னகரம், புட்டுத்தோப்புப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஹால் என்றால் பெரும்பாலும் பத்துக்குப் பத்துதான். ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபாவோ கட்டிலோ, மூலையில் பீரோ. சோபாவின் ஆழத்தையும் டிவி ஸ்டாண்டையும் கழித்துவிட்டால் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஏழெட்டு அடி மிஞ்சும். நாற்பதாயிரம் ரூபாய்க்குள் டிவியும் ஸ்பீக்கரும் வாங்கி முடிக்க நினைக்கும் குடும்பம் கடைக்குப் போகுமுன் இந்த ஏழெட்டு அடியை டேப் வைத்து அளந்துகொள்வது நல்லது. ஏனென்றால் கடையில் நாம் டிவியைப் பார்ப்பது மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு. அங்கே 55 அங்குலம் கண்ணைப் பறிக்கும், 43 அங்குலம் சின்னதாகத் தெரியும், ஸ்பீக்கரைப் பற்றிய யோசனையே வராது. பட்ஜெட் முழுவதும் திரையிலேயே கரைந்துபோவது இப்படித்தான்.

தேர்ந்தெடுக்க வேண்டிய இந்தத் தொல்லை நம் ஊருக்குப் புதிது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி 1982ல் வண்ணம் வந்தது. தென்மாவட்டங்களில் கொடைக்கானல் கோபுரத்தை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பிவைத்து, மொட்டைமாடியில் ஒருவர் நிற்க, கீழே இருந்து “இப்ப தெரியுது, அப்படியே விடு” என்று இன்னொருவர் கத்திய காலம் அது. சாலிடேர், டயனோரா என்று சென்னையில் தயாரான பெட்டிகளே அப்போது பல வீடுகளில் இருந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தபிறகு கேபிள் வயர் தெருவுக்குள் நுழைந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. மதுரையில் பல குடும்பங்களுக்கு முதல் கலர் டிவி அந்த 14 அங்குலம்தான். இன்றைய 43 அங்குலத் திரையின் பரப்பு அதைப்போல எட்டு மடங்குக்கும் மேல். வீடு மட்டும் அதே பத்துக்குப் பத்து.

டிவி வாங்குகிறவர் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, வீட்டுக்குள் என்ன சிக்னல் வருகிறது என்பது. அரசு கேபிள் நிறுவனம் 2011ல் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி தொடங்கியதிலிருந்து கேபிள் நம் ஊரில் மலிவான பொருள். ஆனால் பெரும்பாலான கேபிள் பெட்டிகளில் வருவது சாதாரணத் தரம், அதாவது எஸ்.டி. அந்தப் படத்தில் இருப்பது அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பதோ 3840க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. சீரியல் பார்க்கும்போது 4கே டிவியில் தெரியும் ஒவ்வொரு இருபது புள்ளியிலும் பத்தொன்பதை டிவியே ஊகித்து நிரப்புகிறது என்று பொருள். ஊகிக்கும் திறமை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். விலை குறைந்த 55 அங்குலங்களில் அந்தத் திறமை குறைவாக இருப்பதால் நடிகர் முகம் மெழுகு பூசினாற்போல் வழவழக்கும், ஓடும் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். திரை பெரிதாக ஆக இந்தக் குறையும் பெரிதாகும். நாள் முழுக்க கேபிள் சீரியலும் செய்தியும் மட்டுமே ஓடும் வீட்டில் 55 அங்குல 4கே வாங்குவது வீண்செலவு. அந்த வீட்டுக்கு 32 அங்குலம் போதும், கேபிள்காரரிடம் எச்.டி. பெட்டி கேட்டு வாங்கினால் அந்த 32லேயே படம் தெளியும்.

இணையம் வந்துவிட்ட வீட்டில் கணக்கு வேறு. ஓடிடி படமும் யூடியூபும் கிரிக்கெட்டும் நல்ல தரத்தில் வருகின்றன. அங்கே எத்தனை அங்குலம், 4கே தேவையா என்பதைக் கண்ணின் திறனை வைத்துச் சொல்லிவிடலாம். சராசரிக் கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 43 அங்குலத் திரை ஏறத்தாழ 95 செ.மீ. அகலம். அதில் ஃபுல் எச்.டி. என்றால் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். ஐந்தரை, ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் கண்ணால் முடியாது. அதே 43ல் 4கே புள்ளியின் முழுப்பயனும் கிடைக்க வேண்டுமானால் மூன்றடிக்குள் உட்கார வேண்டும். எட்டடியில் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு 43 அங்குல ஃபுல் எச்.டி.யும் 4கேயும் கூர்மையில் ஒன்றுதான். 55 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. புள்ளி மறையும் தூரம் ஏழு அடிக்குச் சற்று மேல். அதாவது நம் ஹாலில் 55க்கும்கூட 4கே என்பது எல்லைக்கோட்டில் நிற்கிற வித்தியாசம்தான். பிறகு ஏன் 43லும் 4கே வாங்கச் சொல்கிறேன் என்றால், அந்த அளவில் இப்போது கடைகளில் குவிந்துகிடப்பது 4கேதான். ஃபுல் எச்.டி. வாங்கினால் மிச்சமாவது கொஞ்சம்; பேனலும் பிராசஸரும் ஒரு படி கீழே போய்விடும்.

தியேட்டர் போல் உணர வேண்டும் என்பவர்களுக்கு எதிர்வாதம் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. திரை கண்ணுக்கு முப்பது பாகை கோணமாவது விரிய வேண்டும் என்பது திரைத்துறைப் பொறியாளர்களின் பழைய அளவுகோல். எட்டடி தூரத்துக்கு அது 59 அங்குலம் கேட்கிறது. தவிர, நம் சினிமாக்கள் பல அகலத்திரைப் படங்கள். 43 அங்குலத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, படத்துக்குக் கிடைப்பது பதினாறு அங்குல உயரம். வாரத்துக்கு நாலு படம் ஓடிடியில் பார்க்கும், கேபிளை எப்போதோ துண்டித்துவிட்ட இளம் தம்பதிக்கு 55 அங்குலம் தப்பில்லை. ஆரப்பாளையத்துக் கூட்டுக்குடும்பத்தில் பகலில் அம்மாவுக்கு சீரியல், மாலையில் பிள்ளைகளுக்கு யூடியூப், ஞாயிறு ஒரு படம் என்று போகிற வாழ்க்கைக்கு 43 சரியான சமரசம் என்பது என் முடிவு.

இனி கடைக்குப் போவோம். டவுன் ஹால் ரோடாக இருந்தாலும் காளவாசல் பைபாஸ் பக்கத்துப் பெரிய ஷோரூமாக இருந்தாலும் அங்கே ஓடுவது கம்பெனி கொடுத்த டெமோ வீடியோ: கிளியின் இறகு, கடலடி மீன், வெட்டிய ஆரஞ்சு. டிவியும் ஸ்டோர் மோடில் இருக்கும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தை வெல்ல நீலமும் பிரகாசமும் ஏற்றிவைத்த அமைப்பு அது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

“தம்பி, இதுல நம்ம ஊரு கேபிள் போட்டுக் காட்டுங்க.”

“அக்கா, இது 4கே அக்கா. கேபிள் போட்டா அவ்வளவா எடுக்காது.”

“அதத்தான் நாங்க வீட்ல பாக்கப் போறோம்.”

இந்த அக்காவைப்போல் அடம்பிடிக்க வேண்டும். கேபிள் இல்லை என்றால் யூடியூபில் மூன்றைப் போடச் சொல்லுங்கள். ஒன்று, அலங்காநல்லூர் அல்லது பாலமேடு ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் மாடு பாயும் வேகம், கிளம்பும் புழுதி, கூட்டத்தின் நெரிசல் மூன்றும் சேர்ந்து மட்டமான பேனலை இரண்டு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மாட்டுக்குப் பின்னால் நிழல் வால் இழுத்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். இரண்டு, இரவுக் காட்சி உள்ள ஏதாவது படம்: கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, சாம்பலாகவா, மூலையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க. மூன்று, பழைய கறுப்புவெள்ளைப் படம். அதில் நீலமோ பச்சையோ தட்டினால் வண்ணச் சமநிலை சரியில்லை. இவ்வளவும் பார்க்க இருபது நிமிடம் போதும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் போனால் அது கிடைக்காது. வார நாளில், மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் போங்கள்.

பெட்டியில் அச்சடித்த சொற்களில் பாதியை நம்ப வேண்டாம். கியூஎல்இடி என்பது எல்சிடி பேனலுக்குப் பின்னால் குவாண்டம் டாட் படலம் ஒன்று சேர்த்தது. ஓஎல்இடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்ணம் கொஞ்சம் செழிப்பாக இருக்கும், அவ்வளவுதான். எச்டிஆர் என்று எல்லா டிவியிலும் போட்டிருக்கிறார்கள். அதை உண்மையாகக் காட்டும் பிரகாசம் இந்த விலைப் பேனல்களில் இருப்பதில்லை. மோஷன் ரேட் 120 என்று எழுதியிருந்தாலும் பேனல் 60 ஹெர்ட்ஸாக இருக்கலாம், எனவே பேனலின் ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று தனியாகக் கேளுங்கள். பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: பேனல் விஏ வகையா, ஐபிஎஸ் வகையா. விஏயில் கறுப்பு நன்றாக வரும், ஆனால் பக்கவாட்டிலோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் எங்கே இருந்து பார்த்தாலும் நிறம் நிற்கும், கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். பாட்டி தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் வாசற்படியில் சாய்ந்து பார்க்கும் வீட்டுக்கு நான் ஐபிஎஸ்தான் சொல்வேன். தரையில் உட்காருகிறவர் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. டிவியை மாட்டும் பையனோ அலங்காரமாக இருக்கும் என்று ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டுப் போவான். பாட்டிக்குக் கழுத்து வலிக்கும், விஏ பேனலாக இருந்தால் படமும் வெளுத்துத் தெரியும். திரையின் நடுப்பகுதி மூன்றரை அடியைத் தாண்டாமல் மாட்டச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் வசதியைப் பொறுத்தவரை 2 ஜிபி ராம் இருந்தால் போதும். 1 ஜிபி வேண்டாம், ஒரு வருடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். அப்படி ஆனாலும் டிவியை மாற்ற வேண்டியதில்லை, சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் செருகினால் மறுபடி ஓடும். கரண்ட் பில்லைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. 43 அங்குலம் சுமார் 80 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்டுக்குள்தான்.

இப்போது சத்தம். வசனத்தைக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்த ஊர் இது. 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறந்தபோது, இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரும் அந்த அரங்கில் மக்கள் பார்த்ததைவிடக் கேட்டது அதிகம். அதே ஊரில் இன்று ஹாலில் உட்கார்ந்து “என்ன சொன்னான்?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். காரணம் டிவியின் ஒல்லி உடம்பு. பழைய டியூப் டிவியின் மரப்பெட்டிக்குள் ஸ்பீக்கருக்குக் காற்றோட்ட இடம் இருந்தது, அது நம்மைப் பார்த்தும் இருந்தது. இன்றைய டிவியில் விரல் நீளத்து ஸ்பீக்கர் இரண்டு கீழே பார்த்தபடி இருக்கின்றன. ‘20 வாட்’ என்று எழுதியிருப்பார்கள். மேலே மதுரை வெயிலுக்கு வருடம் முழுக்க ஃபுல் ஸ்பீடில் ஓடும் ஃபேன், அடுப்படியில் குக்கர் விசில், தெருவில் ஷேர் ஆட்டோ. இவற்றுக்கு நடுவே பேச்சுக்குரல் எடுபட வழியில்லை.

இதற்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. புதுப்படங்களில் வசனம், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊபரும் கொண்ட 5.1 கலவையின் நடு சேனலில் உட்காருகிறது. வீட்டு டிவி அதை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது பின்னணி இசை மேலேறி வசனம் அமுங்குகிறது. காசு செலவழிக்காமலே இதைக் கொஞ்சம் சரிசெய்யலாம். ஓடிடி செயலியில் ஆடியோவை 5.1லிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், டிவி அமைப்பில் ‘கிளியர் வாய்ஸ்’ போன்ற ஒன்று இருந்தால் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஸ்பீக்கர்.

ஸ்பீக்கர் கடையில் ஏமாறுவது வாட்டில். வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. மூன்று டெசிபல்தான் கூடும், காதுக்கு ஓரளவு தெரியும், அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 80 வாட்டும் 160 வாட்டும் பெட்டியில் பெரிய வித்தியாசம், ஹாலில் சின்ன வித்தியாசம். பிஎம்பிஓ என்று போட்டால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம், ஆர்எம்எஸ் என்ன என்று கேளுங்கள்.

அடுத்தது 5.1 ஆசை. பின்னால் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பீக்கருக்கு இடம் எங்கே? நம் சோபா சுவரை ஒட்டி இருக்கிறது. பின் ஸ்பீக்கர் காதுக்கு ஒரு அடியில் கத்தும், வயர் வாசற்படியைத் தாண்டிப் போகும், ஒரு மாதத்தில் அவை பீரோ மேல் ஏறி டிவியைப் பார்த்து உட்கார்ந்துவிடும். இதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அடித்தொனி தரும் ஊபரும் இந்த ஹாலில் எளிதில் அடங்காது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி நின்று எதிரொலிக்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர ஹாலில் இரண்டு திசையிலும் அதே அலைவரிசை சேர்ந்துகொள்ளும். கூரையும் பத்தடி என்றால் மூன்றாவதும் சேரும். அந்த ஒரு சுருதி வரும்போதெல்லாம் பீரோ மேலிருக்கும் எவர்சில்வர் குடம் கிணுகிணுக்கும், பொதுச்சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டில் சண்டை தொடங்கும். ஊபரை மூலையில் வைத்தால் இது இன்னும் கூடும். மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்தால் ஓரளவு கட்டுப்படும். டைல்ஸ் தரையில் பாய், ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை என்று போட்டால் குரலும் தெளியும்.

எனவே வாங்க வேண்டியது, இடம் அடைக்காத 2.1 அல்லது, பணம் இடம்கொடுத்தால், வசனத்துக்கென்று நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பார். சென்னையில் 1997ல் தொடங்கிய ஜெப்ரானிக்ஸ் முதல் ஜப்பான், கொரியா கம்பெனிகள் வரை ஐந்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை கிடைக்கின்றன. அட்மாஸ் என்ற எழுத்துக்காகக் கூடக் கொடுக்க வேண்டாம், மேலே பார்க்கும் ஸ்பீக்கர் இல்லாத பாரில் அது பாவனைதான். இணைப்பு டிவியின் எச்டிஎம்ஐ ஏஆர்சி துளையில் இருக்கட்டும். புளூடூத்தில் விட்டால் உதடு ஒருபக்கம், சத்தம் ஒருபக்கம் என்று ஆகும்.

மதுரையில் மூன்றாவது வழி ஒன்று எப்போதும் இருந்திருக்கிறது: அசெம்பிள் செட். கல்யாண வீட்டு ரேடியோ செட் பார்த்து வளர்ந்த பையன்கள் ஸ்பேர்ஸ் கடையில் போர்டும் டிரான்ஸ்பார்மரும் வாங்கி, ஆசாரியிடம் பாக்ஸ் அடித்து, எட்டு அங்குல ஊபர் மாட்டி உருவாக்குவது. 4440 ஐசி என்று சொன்னால் தென்மாவட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த எவருக்கும் புரியும். அது சான்யோ கம்பெனியின் எல்ஏ4440, ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ் போட்டால் 19 வாட். பத்துக்குப் பத்து ஹாலுக்கு அந்த 6 வாட்டே போதும் என்பதுதான் வேடிக்கை, நல்ல பாக்ஸும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால். அதே விலை சவுண்ட்பாரைவிட ஒழுங்காக அடித்த அசெம்பிள் ஸ்டீரியோ பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். டிவியோடு சேர்க்க, ஆப்டிகல் வழியாக எடுத்து அனலாக்காக மாற்றும் சின்னப் பெட்டி வேண்டும். டிவியின் ஒலி அமைப்பைப் பிசிஎம் என்று மாற்றவும் வேண்டும், இல்லாவிட்டால் சில நிகழ்ச்சிகளில் சத்தமே வராது. குறை என்னவென்றால் செய்து கொடுத்தவர் போனை எடுக்காவிட்டால் சர்வீஸ் இல்லை. வீட்டில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் இருந்தால் இந்த வழியில் போகலாம்.

பணம் கட்டும் விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் இருபதாயிரம் ரூபாய் டிவி 25,600லிருந்து 23,600 ஆகியிருக்க வேண்டும். பழைய விலையை அடித்துவிட்டு அதையே தள்ளுபடி என்று காட்டுகிறார்களா என்று பாருங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்பதும் முழு உண்மையல்ல. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கத்துக்கு எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வித்தியாசம்தான் வட்டி. பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலையைத் தொட்டுவிடும் என்பதால், நீட்டித்த வாரண்டி எடுப்பதாக இருந்தால் அதில் பேனல் அடங்குமா என்று படித்துப் பார்த்து எடுங்கள். சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து வருகிறாரா, வேறு ஊரிலிருந்தா என்பதையும் கேளுங்கள். தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது.

தேனி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் 43 அங்குலப் பெட்டியோடு பஸ் ஏறப் பார்க்காதீர்கள். கடையின் வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள், படுக்கப் போடாமல் நிறுத்தியே கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்கவைத்து மேலே மூட்டை ஏற்றிய டிவியில் கோடு விழுந்தால் அது போக்குவரத்துச் சேதமா, தயாரிப்புக் குறையா என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

நாற்பதாயிரத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: 43 அங்குல 4கே, ஐபிஎஸ் பேனல், 2 ஜிபி ராம் உள்ள டிவிக்கு இருபத்தெட்டாயிரத்துக்குள், 3.1 சவுண்ட்பாருக்குப் பத்தாயிரம். மீதி, மாட்டும் கூலிக்கும் ஸ்பைக் கார்டுக்கும் எச்டிஎம்ஐ வயருக்கும். வெறும் கேபிள் வீடென்றால் 32 அங்குலமும் ஐந்தாயிரம் ரூபாய் 2.1 செட்டும் வாங்கிக்கொண்டு பாதிப் பணத்தைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகலாம். டிவி வந்த அன்றே ஸ்டோர் மோடை ஹோம் மோடுக்கு மாற்றுங்கள், பில்லைப் போட்டோ எடுத்துவையுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பத்து நாளைக்காவது எறியாதீர்கள். மாற்றித் தரக் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.